படைச்சட்டமும் மக்களாட்சியும்: மிசௌரி தரும் பாடம்



போர் மூண்டால் நீதிமன்றங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆட்சியைப் படையினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வாதிடுவோர் நம்மிடையே உள்ளனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மிசௌரி மாநிலம் பட்ட பாட்டை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

மக்கள் இரண்டுபட்ட மாநிலம் அது. தெற்கின் பக்கம் சாய்ந்த ஆளுநர் ஜாக்சன் தலைநகரை விட்டு ஓடிய பின், 1861 ஜூலையில் மாநிலப் பேரவை கேம்பிளை ஆளுநராக அமர்த்தியது. ஒரு மாதம் கழித்துத் தளபதி ஃபிரீமான்ட் மாநிலம் முழுவதும் படைச்சட்டத்தை அறிவித்தார். ஆளுநர் பதவியில் இருந்தார். ஆணைகளோ பாசறையிலிருந்து பிறந்தன.

1863 ஆகஸ்ட் 21 அன்று குவாண்ட்ரிலின் கூட்டத்தார் கான்சஸின் லாரன்ஸ் நகரில் ஏறத்தாழ 150 பேரைக் கொன்று குவித்தனர். அது மன்னிக்கவொண்ணாக் கொடுமை. நான்கு நாள்களில் தளபதி ஈவிங் 11ஆம் ஆணையைப் பிறப்பித்தார். மிசௌரியின் மேற்கெல்லையில் மூன்று மாவட்டங்கள் முழுவதிலும் நான்காவதன் ஒரு பகுதியிலும், சில ஊர்களை ஒட்டி வாழ்ந்தோர் நீங்கலாக, அனைவரும் 15 நாளில் வெளியேற வேண்டும் என்பதே அது. அரசுப்பற்றை மெய்ப்பித்தவர்க்குக் கிடைத்தது ஒரு சான்றிதழ். படைநிலையங்களுக்கோ கான்சஸுக்கோ செல்லலாம். அவர்களும் தம் வீட்டில் தங்க இயலவில்லை. கொலை செய்தவன் தப்பினான். உழுதவன் தெருவுக்கு வந்தான்.

"அடிமைத்தளையை அறுத்த பக்கமல்லவா அது?" என்பீர்கள். ஆம், அதன் நோக்கம் நீதியானது. ஆனால் நீதியான நோக்கம் குற்றமற்றவரைத் தண்டிக்கும் உரிமையை எவருக்கும் வழங்குவதில்லை.

போர் முடிந்ததும் அந்தச் சந்தேகம் முடிந்ததா? இல்லை. படையினரிடமிருந்து அதைக் குடியாட்சி கற்றுக்கொண்டது. 1865ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, ஆசிரியரும் வழக்கறிஞரும் குருக்களும், சொல்லாலும் செயலாலும் எதிரிக்கு அனுதாபம் காட்டியதில்லை என்று ஆணையிட வேண்டுமென விதித்தது. ஆணையிடாமல் மறையுரை ஆற்றியதற்காகக் கத்தோலிக்கக் குரு ஜான் கம்மிங்ஸ் தண்டிக்கப்பட்டார். 1867இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது; ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரேயொரு வாக்கு மாறியிருந்தால்?

ஆகவே, படையாட்சியை யார் பரிந்துரைத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அது எந்நாளில் முடியும்? பாதிக்கப்பட்டவர் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவார்? குற்றமற்றவரின் வீட்டை அவருக்குத் திருப்பித் தருபவர் யார்? விடை கிடைக்கும்வரை இசைவளிக்காதீர்கள்.