பெயரைத் துண்டாக்கலாம், மலையைத் துண்டாக்க இயலாது

டிசம்பர் 11 பன்னாட்டு மலைகள் நாள். அன்று பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் ‘மலைப்பகுதிகளின் நீடித்த வளர்ச்சி’ என்னும் தொடர் தவறாமல் ஒலிக்கும். 1992 ரியோ மாநாட்டின் ‘நிகழ்ச்சி நிரல் 21’, தன் 13ஆம் அத்தியாயத்தில் இத்தொடருக்கு உலக ஏற்பு அளித்தது. இமயத்தில் இன்று அத்தொடரில் எஞ்சியிருப்பது ‘வளர்ச்சி’ மட்டுமே. ‘நீடித்த’ என்னும் அடைமொழி பொருளிழந்துவிட்டது.

உத்தராகண்டின் சார்தாம் சாலைத் திட்டமே இதற்குச் சான்று. கேதார்நாத், பத்ரிநாத், கங்கோத்ரி, யமுனோத்ரி ஆகிய தலங்களுக்குச் செல்லும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர்ச் சாலையை அகலப்படுத்துவது அதன் நோக்கம். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை என்பது விதி. திட்டமோ, ஒவ்வொன்றும் அந்த வரம்புக்குக் குறைந்த 53 பணிகளாகப் பிரிக்கப்பட்டது. தொடக்க விழாவில் அது ஒரே திட்டம். விதியின் முன் 53 திட்டங்கள். தாக்க மதிப்பீடு இல்லையெனில் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லை. மலையில் வாழ்வோரைக் கேளாமலே மலை குடையப்பட்டது. 2023 நவம்பரில் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள்கள் சிக்கித் தவித்தது இத்திட்டத்தின் ஒரு துண்டில்தான்.

மலைமக்களுக்குச் சாலையே வேண்டாமா என்பார் உளர். நோயாளிக்கும் விளைபொருளுக்கும் சாலை வேண்டும். அதை மறுப்பார் எவருமிலர். சரிவை எவ்வளவு வெட்டுவது, அதை யார் முடிவு செய்வது என்பதே வினா. 5.5 மீட்டர் அகலம் போதும் என்று 2020 செப்டம்பரில் கூறிய உச்ச நீதிமன்றம், 2021 டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புத் தேவையை ஏற்று இருவழிச் சாலைக்கு இசைவளித்தது. படை செல்லும் சாலையும் அதே சரிவின்மேல்தான் நிற்கவேண்டும் என்பது ஏனோ மறக்கப்பட்டது.

அறியாமையால் நேர்ந்ததன்று இது. ஜோஷிமட் பழைய நிலச்சரிவுப் படிவின்மேல் அமைந்த ஊர் என்றும், அங்கே பெருங்கட்டுமானமும் பாறை தகர்ப்பும் கூடா என்றும் 1976இலேயே மிஸ்ரா குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அவ்வூரின் வீடுகள் பிளந்தன. 12 நாள்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகக் காட்டிய இஸ்ரோவின் அறிக்கை இணையத்திலிருந்து அகற்றப்பட்டது. தரவுகளை ஊடகங்களுக்கு அளிக்கவேண்டாம் என்று ஆய்வு நிறுவனங்களுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது. விரிசலை அடைக்க இயலாதபோது செய்தி அடைக்கப்பட்டது.

கருத்துக் கேட்பு நடந்தாலும் எம்மொழியில் நடக்கும்? 2020ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு வரைவறிக்கையை எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த 22இல் கட்வாலியும் இல்லை, குமாவோனியும் இல்லை. உயர்மலைப் புல்வெளியைப் ‘புக்யால்’ என்றும், ஓடையைக் ‘கதேரா’ என்றும், ஊற்றுநீர் காக்கும் கல்கட்டை ‘நௌலா’ என்றும் பெயரிட்டறிந்த மொழிகள் அவை. அம்மொழி பேசுவோர் தம் நிலத்தின் தீர்ப்பைப் பிறமொழியில் கேட்டுக்கொள்ள வேண்டியவராயினர்.

ஆகவே ஆய்வுலகின் கடமை இன்னொரு வரையறை எழுதுவதன்று. ஒரு பள்ளத்தாக்கின் சாலை, சுரங்கம், அணை அனைத்தையும் ஒருங்கே மதிப்பிடுக; மண் தோண்டப்படுமுன் அம்மக்களின் மொழியிலேயே கருத்துக் கேட்டு, வனப் பஞ்சாயத்துகளின் இசைவைப் பெறுக; நிலத்தரவுகளைப் பொதுவில் வைக்க. இம்மூன்றையும் வலியுறுத்தாத அறிஞர், மலைகள் நாளன்று ‘நீடித்த’ என்னும் சொல்லைப் பேசாதிருத்தல் நேர்மை.