ஈடு வைத்த வீடும் வீட்டு வரியும்

வள்ளூர், எண்ணூர்ப் பக்கங்களில் பாங்கிக் கடன் வாங்கி வீடு கட்டிய குடும்பங்களில் ஒரு பேச்சு அடிக்கடி நம் காதில் விழுகிறது. "பத்திரமோ பாங்கியின் இரும்புப் பெட்டியில் தூங்குகிறது, வீட்டு வரி மட்டும் நம் தலையிலா?" என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது.

1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டமே இவ்விஷயத்தில் இன்றும் ஆதாரம். ஈடு வைப்பதனால் வீடு பாங்கிக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கடனுக்குப் பாதுகாப்பாக அதில் ஓர் உரிமை மட்டுமே மாறுகிறது. வரியைத் தீர்மானிப்பது வீடு யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்பது. கடன் கொடுத்தவர் சுவாதீனத்துக்கு வராத வரையில், வரி முதலிய பொதுச் சுமைகளை ஈடு வைத்தவரே செலுத்த வேண்டுமென்கிறது 65-ஆம் பிரிவு. பாங்கிக் கடனில் வீடு நம் கையில்தானே இருக்கிறது? ஆகவே வரியும் நம்முடையதே. மாதத் தவணையில் அது அடங்கியிருக்கும் என்று எண்ணுவது பிசகு. அமெரிக்காவில் கடன் கொடுப்போர் பலர் தவணையோடு வரிப் பணத்தையும் வசூலித்து, தனியே வைத்திருந்து கட்டிவிடுகிறார்கள். அந்த வழக்கம் நம் நாட்டில் பரவவில்லை.

போக்கியம் வேறு சங்கதி. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு, வட்டிக்கு வாடகை சரி என்று குடியிருக்கும் ஏற்பாடு அது. முறையான சுவாதீன அடமானமாக எழுதப்பட்டிருந்தால், 76-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், சொத்தின் வருமானத்திலிருந்து வரியைக் கட்ட வேண்டியவர் பணம் கொடுத்தவரே. ஆனால் போக்கியம் என்று வாய் சொல்ல, கை வெறும் வாடகைப் பத்திரம் எழுதுவதும் உண்டு. அதில் வரியைப் பற்றி ஒரு வரிகூட இராது! வீட்டுக்காரர் கட்டுவார் என்று குடியிருப்பவரும், குடியிருப்பவர் கட்டுவார் என்று வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்கள். பாக்கி மட்டும் வளரும்.

இந்தப் பாக்கி சாதாரணமானதல்ல. 1920-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்திலேயே, சர்க்கார் நிலவரிக்கு அடுத்தபடியாக, சொத்து வரிக்குக் கட்டடத்தின் மீது முதற் பாத்தியதை கொடுக்கப்பட்டது. கடன்காரரின் உரிமை அதற்குப் பின்னால்தான். ஆகையால் வீடு ஏலத்துக்குப் போகாமல் காப்பதற்குக் கடன் கொடுத்தவரே வரியைக் கட்டி, அதை அசலோடு சேர்த்துக்கொள்ள 72-ஆம் பிரிவு இடம் தருகிறது. சேர்த்த தொகைக்கும் கடனுக்குரிய வட்டி உண்டு. ஆறு மாதத்து வரியை அலட்சியம் செய்த குடும்பம், அதற்கு வருஷக்கணக்கில் வட்டி கட்டும்படி நேரலாம்.

திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. அங்கே சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஊராட்சி எல்லைக்குள் உள்ள வீடானால் ஊராட்சி அலுவலகத்தில் கட்டவேண்டும். ரசீதுகளைப் பத்திர நகலோடு ஒரே உறையில் வைப்பது நலம். வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பவற்றில் அவையும் சேரும்.