கடவுச்சொல்லைக் குறை சொல்லாதீர்கள்!

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறி ஒன்றில் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறீர்கள். திரை ஒரு கணம் கறுக்கிறது. மறுகணம் அதே நுழைவுத் திரை திரும்பி வந்து நிற்கிறது. உடனே என்ன செய்வீர்கள்? கடவுச்சொல்லை மாற்றுவீர்கள், அல்லது பொறியை அணைத்து மறுபடி இயக்குவீர்கள். இரண்டும் அறிவியல் வழி அல்ல என்பது என் கருத்து.

சற்றே சிந்தியுங்கள். கடவுச்சொல் தவறானால் பொறி அதைச் சொல்லிவிடும். ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால், கடவுச்சொல் ஏற்கப்பட்டது, அடுத்த படியில்தான் தடை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அந்த அடுத்த படி எது? பல கணிப்பொறிகள் உள்ள கூடத்தில் உங்கள் கோப்புகள் எதிரே இருக்கும் பொறியில் இருப்பதில்லை. தொலைவிலுள்ள சர்வரில் இருக்கும் உங்கள் இல்லக் கோப்பகம் வலைவழியே வருகிறது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறை இதற்கே பயன்படுகிறது. திரை திறக்குமுன் பொறி அந்தக் கோப்பகத்தில் ஒரு சிறு கோப்பை எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் நீங்கள் வெளியே!

ஏன் எழுத முடியவில்லை? சர்வர் இணைக்கப்படாமல் இருக்கலாம். உங்களுக்கு ஒதுக்கிய இடம் நிரம்பியிருக்கலாம். மூன்றாவது காரணம் சுவையானது. யூனிக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் குறிப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. இந்தப் பொறியில் கயல்விழியின் எண் 1001. சர்வரிலோ 1001 என்பது முத்துவின் எண். வழக்கமான என்.எஃப்.எஸ். வந்த எண்ணை அப்படியே நம்பும். கயல்விழிக்குத் தன் வீட்டுக் கதவு அடைபடும். முத்துவின் வீடு திறந்துகொள்ளும்! ஆளை மெய்ப்பித்துக் காட்டக் கெர்பரோஸ் போன்ற முறைகள் தேவைப்பட்டது இதனால்தான். அது எம்.ஐ.டி.யில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் பிறந்தது.

எனவே சோதியுங்கள். எழுத்துத் திரை வழியாக நுழைந்து பாருங்கள். 'ஐடி' கட்டளை உங்கள் எண்ணைக் காட்டும். 'டிஎஃப்' வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும். 'டிஎஃப்' விடை தராமல் உறைந்து நின்றால் சர்வரையே சந்தேகிக்கலாம்.

சிலர் '777' என்று அனுமதி கொடுத்துக் கோப்பகத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். இடம் நிரம்பியதற்கு அது மருந்தாகாது. உங்கள் கோப்புகளை எவரும் அழிக்கவும் வழி செய்யும். தொலைவிலிருந்து சாவிக் கோப்பு கொண்டு நுழைய அனுமதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச், இப்படித் திறந்து கிடக்கும் கோப்பகத்தைக் கண்டால் வழக்கமாக அந்தச் சாவியையே மறுத்துவிடும்!

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்டதைக் குறித்து வையுங்கள். பொறியை அணைத்து இயக்கினால் கோளாறு சில வேளை மறையும். அதன் காரணமும் கூடவே மறைந்துவிடும். நாளை அது திரும்பி வரும்போது நீங்கள் மீண்டும் முதற்படியில்தான் நிற்பீர்கள்.