ஆழ வெட்டிய ஏரியில் உள்ளானுக்கு இடமில்லை

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டதாகச் செய்தி வரும். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூட்டம் சேரும். நல்லதுதான். ஆனால் தமிழகத்தில் ராம்சர் என்னும் சர்வதேசப் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள் 20. ஏரி, குளம், கண்மாய்களோ சுமார் 39,000. வலசை வரும் பறவைகள் சரணாலயப் பலகையைப் படித்துவிட்டு இறங்குவதில்லை. பெயர் தெரியாத ஊர் ஏரியிலும் அறுவடை முடிந்த வயலிலும்கூட அவை இரை தேடுகின்றன. அந்த ஏரிகளை நாம் சீரமைக்கும் விதமே அந்தப் பறவைகளில் பலவற்றை விரட்டிவிடும் என்பதுதான் கவலை.

தண்ணீர் நிறைய இருந்தால் பறவையும் நிறைய வரும் என்பது பாதி உண்மை. மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல. ஊசிவால் வாத்து அப்படியல்ல. தலையையும் கழுத்தையும் நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கிச் செங்குத்தாக மிதந்தபடி, அடிச்சேற்றில் கிடக்கும் விதைகளைத் துழாவும். கழுத்துக்கு எட்டாத ஆழத்தில் அதற்குப் பட்டினிதான். பொரி உள்ளானுக்குக் கால் நனையும் நீர் வேண்டும். பட்டாணி உப்புக்கொத்திக்கு வெறும் ஈரச்சேறு போதும்: கொஞ்சம் ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். பழைய ஏரிகளின் அமைப்பு இவை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. கரையை ஒட்டி ஆழம்; எதிர்ப்புறம் போகப் போக மெல்ல மேடேறும் சரிவு. மடை திறந்து பாசனத்துக்கு நீர் விட விட, தை, மாசியில் அந்தச் சரிவில் நாளுக்கு நாள் புதுச் சேறு வெளிப்படும். ஊர் திரும்பும் நெடும்பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய உள்ளான்களுக்கு அதுதான் பந்தி.

2017-இல், ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்துக்குப் புத்துயிர் கிடைத்ததிலிருந்து தூர்வாருவது ஊர்தோறும் கோரிக்கையாகிவிட்டது. தேவையான வேலைதான். ஆனால் பொக்லைனை இறக்கி ஒரே மட்டமாக வெட்டுவதும், விளிம்பைச் செங்குத்தாக்குவதும், நகரமென்றால் கல் பதித்து நடைபாதை போடுவதும் சீரமைப்பு ஆகாது. “விவசாயிக்குத் தண்ணீரா, குருவிக்குச் சேறா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு வெட்டினாலும் அந்த நீர் வாய்க்காலில் தானாகப் பாயாது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். நிலத்தடி நீர் ஊறுமே என்றால், அதற்குக் கரைப்பக்கத்தை ஆழப்படுத்தலாம். சரிவை வெட்டினால் கொள்ளளவு சற்றுக் கூடும், மறுக்கவில்லை. ஆனால் மடை முகத்து வண்டலை அள்ளாமல், வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பை அகற்றாமல், சரிவில் கைவைப்பது எந்தக் கணக்கு? உழவருக்கும் பறவைக்கும் பகை என்பதும் சரியல்ல. வேடந்தாங்கல் மக்கள் பறவை வேட்டையைத் தடுக்க 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் ஆணை பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பறவைகள் குறைகின்றன என்பதற்கு என்ன ஆதாரம் என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான ஏரிகளுக்கு ஆதாரமே இல்லை. தூர்வாருவதற்கு முன்னும் பின்னும் யாரும் எண்ணியதில்லை என்பதுதான் பிரச்சினை. குளிர்காலப் பறவை நோக்கலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாதது இதனால்தான். ஆர்வலர்களின் கணக்கை நம்பலாமா? ஆயிரம் வாத்தை எண்ணூறு என்று எழுதுபவர்கள் இருக்கலாம். ஆனால் ஒரே ஏரியை, ஒரே பருவத்தில், ஒரே முறையில் ஆண்டுதோறும் எண்ணினால் ஏற்ற இறக்கம் தெரிந்துவிடும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரிதோறும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களிலும் 2011 முதல் தன்னார்வலர்கள் எண்ணி வருகிறார்கள். திருநெல்வேலியில் முடிவது விழுப்புரத்திலும் சிவகங்கையிலும் முடியாதா?

தூர்வாரும் வேலை பெரும்பாலும் கோடையில்தான் தொடங்கும். அதற்கு முன் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. அதையடுத்து ஜனவரி 26 அன்று கிராம சபை கூடுகிறது. விடுமுறையில் உங்கள் ஊர் ஏரியைச் சுற்றி எண்ணுங்கள், இ-பேர்ட் இணையதளத்தில் பதியுங்கள். அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைத்து, கரைக்கு எதிர்ப்புறச் சரிவை வெட்டாமல் விடவேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.