தோட்டத் தொழிலாளியும் இரத்த அழுத்த மாத்திரையும்

இரத்த அழுத்தம் நகரவாசிகளுக்கும் செல்வர்களுக்குமே உரிய வியாதி என்று நம்மில் அநேகர் இன்னும் எண்ணுகின்றனர். குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மருந்தகங்களில் ஒரு நாள் நின்று பார்ப்போர்க்கு அவ்வெண்ணம் நீங்கும். மாத்திரை கிடையாமையும் இப்போது பெருங்குறையன்று. தோட்ட முதலாளிகள் வைத்திய வசதி செய்துதரவேண்டுமென்று 1951-ஆம் ஆண்டிலேயே சட்டம் விதித்தது; 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. அதனை யாருக்கு, எவ்வாறு எழுதிக்கொடுப்பது என்பதே நாம் ஆராயத்தக்கது.

செங்குத்தான சரிவில் ஏறி மூச்சிரைக்க வந்த மாதை உடனே சோதித்தால் அளவு மிகுதியாகவே காட்டும். ஐந்து நிமிஷம் அமரச்செய்து, கையை இருதய மட்டத்தில் வைத்து, இருமுறை அளத்தல் வேண்டும். மிக உயர்ந்த அளவு கண்டவிடத்துத் தாமதம் கூடாது. மற்றையோர்க்கு 140-க்கு 90 என்னும் எல்லையை வேறொரு நாளிலும் கடந்தாலன்றி, ஆயுள் முழுதும் உண்ணவேண்டிய மருந்தைத் தொடங்குதல் தகாது.

அதனினும் நுட்பமானது மருந்தைத் தெரிந்துகொள்ளல். நீர் பிரியச்செய்யும் குளோர்தாலிடோன் நல்ல மருந்தே, விலையும் அற்பம். ஆயினும், காலை முதல் ஒதுங்க இடமில்லாச் சரிவில் கொழுந்து பறிப்பவள் அதனை உண்பாளோ? வெட்கத்தினால் தவிர்த்துவிடுவாள், கேட்டால் உண்டதாகவே கூறுவாள். அழுத்தம் குறையாமை கண்ட வைத்தியர் இரண்டாம் மாத்திரையைச் சேர்ப்பார். அவர்மீதும் குற்றமில்லை, அவள்மீதும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை, அவ்வளவே. எனாலப்ரில் சிலருக்கு வறட்டிருமலை உண்டாக்கும். உதகையின் குளிரில் அதனைச் சளியென்று எண்ணி இருமல் மருந்து கொடுத்தனுப்புவது எளிது. அம்மருந்தும் டெல்மிசார்டனும் கருவுற்ற மாதர்க்கு ஆகா. ஆதலின் பிள்ளை பெறும் வயதினரை விசாரியாமல் அவற்றை எழுதலாகாது. அம்லோடிபின் நாளுக்கு ஒருமுறை போதும். ஆனால் கணுக்கால் வீங்குவதுண்டு. நாள் முழுதும் நின்று உழைப்போர்க்கு அதனை முன்னரே சொல்லிவைத்தால், அஞ்சி நிறுத்தமாட்டார்கள்.

நம் கல்லூரியிலிருந்து வைத்தியத் தொழிலுக்குச் செல்வோர்க்கு ஒரு யோசனை கூறுவேன். மாதந்தோறும் புறநோயாளர் வரும்போது எஞ்சிய மாத்திரைகளையும் கொண்டுவரச் சொல்லி, கடிந்துகொள்ளாமல் எண்ணிப் பாருங்கள். பலரிடத்து இரண்டாம் மாத்திரை எழுதும் அவசியமே நேராது என்பது என் எண்ணம்.