வேகத்தை விட நிலையான இணையமே நமக்குத் தேவை

கடைவீதியில் சில்லறைத் தட்டுப்பாடு என்ற பழைய தொல்லை குறைந்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது இணையத் தட்டுப்பாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. 2016-இல் யு.பி.ஐ. வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் வந்தது. இம்மூன்றுக்கும் இணையமே அடிப்படை. கேபிள் இணைப்பு எட்டாத கடைக்காரர்கள் சிம் கார்டு போட்ட மொபைல் ரூட்டரை நம்பியிருக்கிறார்கள். அதுவோ காலையில் ஓடுகிறது, மாலையில் தவழ்கிறது.

கச்சிராயபாளையம் போன்ற மலையடிவார ஊர்களில் இச்சிரமம் கூடுதல். மேடும் குன்றும் சிக்னலை மறிக்கும். வெள்ளிமலைப் பாதையில் இறங்கி வந்து சாமான் கட்டியவர், திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்தபடி நிற்கும்போது பில் போடும் கணினி சுற்றிக்கொண்டே இருந்தால், இழப்பு நமக்குத்தான்.

இந்நிலையில் நம்மில் பலர் உடனே அதிக விலைத் திட்டத்துக்கு மாறுகிறோம். அல்லது புது ரூட்டர் வாங்குகிறோம். இது முறையல்ல என்பது நமது கருத்து. தராசில் சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சோதிப்போமே தவிர, புதுத் தராசு வாங்க ஓடுவதில்லை. பில் போடவும் கார்டு தேய்க்கவும் பெரிய வேகம் தேவையில்லை. அறுபடாத இணைப்பே தேவை.

முதலில் குறை எங்கே என்று பிரித்தறிய வேண்டும். அந்த சிம் கார்டையே கைபேசியில் போட்டு, அதே இடத்தில், அதே நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். கைபேசியில் நன்றாக இருந்தால் குறை ரூட்டரில். இரண்டிலும் மந்தம் என்றால் குறை சிக்னலில் அல்லது டவர் நெரிசலில். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் அளவு எண்ணாக வரும். மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 110 என்றால் பலவீனம்.

தகரக் கூரையும் இரும்பு ஷட்டரும் சிக்னலைத் தடுக்கும். எனவே ரூட்டரைக் கல்லாவுக்கு அடியில் வைக்காமல், டவர் உள்ள பக்கத்து ஜன்னலோரம் உயரத்தில் வையுங்கள். நாள் முழுவதும் சார்ஜில் கிடந்து சூடேறினாலும் வேகம் குறையும். தினசரி டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் அடியோடு விழும் திட்டங்களும் உண்டு. கண்காணிப்புக் கேமராவும் பையன்களின் வீடியோவும் அந்த அளவைத் தின்றுவிடும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றி, பில் கணினிக்கும் கார்டு இயந்திரத்துக்கும் மட்டும் தனியே ஒதுக்குவது நல்லது. ரூட்டர் அடிக்கடி ஓர் அலைவரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதாலும் வேகம் ஏறி இறங்கும். அமைப்பில் வசதி இருந்தால் நிலையாக நிற்கும் ஒன்றைத் தேர்ந்து நிறுத்தலாம். குறைந்த அலைவரிசை தூரம் போகும். உயர்ந்தது வேகம் தரும், ஆனால் எட்டாது.

இத்தனையும் செய்தபின்னும் மாலை 6 மணிக்கு மேல் மட்டும் மந்தம் என்றால், அது டவரில் ஏற்படும் நெரிசல். அதை எந்த ரூட்டரும் தீர்க்காது. நிறுவனம்தான் தீர்க்க வேண்டும். இங்கேதான் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. ஒரு கடைக்காரர் போனில் சத்தம் போட்டால் பதிவாவது ஒரு புகார்தான். பத்துக் கடைக்காரர்கள் ஒரு வாரம் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் வேகத்தை நோட்டில் குறித்து, புகார் எண்ணுடன் சங்கக் கடிதமாகக் கொடுத்தால் அது சான்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 விதிகளின்படி, முதல் புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குச் செல்லலாம். புகார் எண்ணை வாங்காமல் போனை வைத்துவிடக் கூடாது.

கணக்கு நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது கடினமல்ல. பணம் கட்டி வாங்கும் சரக்கு எடை குறைந்தால் கேட்கிறோம். இணையமும் நாம் பணம் கட்டி வாங்கும் சரக்குதான். அதையும் நிறுத்துக் கேட்போம், சேர்ந்து கேட்போம்.