சீனியர்கள் போனார்கள்... கோப்பை வந்தது!

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தலைவலி உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தேறிவிடும் நல்ல வீரர்களை, ‘டிராஃப்ட்’ என்ற தேர்வின் மூலம் தொழில்முறை அணிகள் கொத்திக்கொண்டு போய்விடும்.

2014-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக அணிக்கும் அதுதான் நடந்தது. இறுதிச்சுற்றில் வேண்டர்பில்ட்டிடம் தோற்ற அந்த ஆண்டிலேயே நிக் ஹோவர்ட், டெரெக் ஃபிஷர், மைக் பாப்பி என அணியின் தூண்கள் விடைபெற்றார்கள்.

2015-ல் முதலாண்டு மாணவர்களை நம்பித்தான் களமிறங்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, முக்கியப் பந்துவீச்சாளர் நேதன் கிர்பிக்குக் காயம். ஏ.சி.சி லீக்கில் 15 வெற்றி, 15 தோல்வி. தட்டுத்தடுமாறித்தான் தேசியத் தொடருக்குள் நுழைந்தது அணி.

ஆனால், தோற்ற ஆட்டங்களும் பிள்ளைகளுக்குப் பாடமாகியிருந்தன. ஒமாஹா நகரில் நடந்த இறுதிச்சுற்றில் எதிரே நின்றது அதே வேண்டர்பில்ட்! மூன்று ஆட்டங்களில் முதலாவது கைவிட்டுப் போனது. இரண்டாவதில், முதலாண்டு மாணவர் ஆடம் ஹேஸ்லி 5 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் பந்து வீசினார். மூன்றாவதில், இன்னொரு முதலாண்டு மாணவர் பேவின் ஸ்மித் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அடுத்து அணியை முன்னிலைக்கும் கொண்டுவந்தார். காயத்திலிருந்து மீண்டுவந்த கிர்பி ஆட்டத்தை முடித்துவைக்க, 4-2 என வெற்றி. பேஸ்பாலில் வர்ஜீனியாவுக்கு அதுதான் முதல் தேசியப் பட்டம்.

2017 டிராஃப்டில் 7-வதாக ஸ்மித், 8-வதாக ஹேஸ்லி. இருவரும் பறந்தார்கள். பயிற்சியாளர் பிரையன் ஓகானருக்கு மறுபடியும் அதே தலைவலி!